ஜெனிக்கு அக்கா தேர்ந்தெடுத்த தூண்டில்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அட்டையில் இருக்கும் படம், அக்கா வேலை பார்த்த கம்பெனியின் அடையாள அட்டைக்காக எடுத்தது. வேறு நல்ல படம் கிடைக்கவில்லை. வீட்டில் இருக்கும் எல்லாப் படங்களிலும் அவர் யாருடைய காலரையாவது சரிசெய்தபடி பக்கவாட்டில்தான் நிற்கிறார்.

வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குத் தகுதியானவன் நான் இல்லை. ஆனாலும் அக்காவின் கடைசி ஏழு வாரங்களில் நடந்ததை முழுதாக அறிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

அக்கா பட்டாபிராமில், ரயில் பாதையை ஒட்டிய ஓட்டு வீட்டில் பிறந்தார். எங்கள் அப்பா ராணுவக் கிடங்கின் ரயில் சைடிங்கில் வேகன்களிலிருந்து சரக்கு இறக்கும் வேலை பார்த்தார். அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஐந்து. பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதி ஆடை கம்பெனியில் சேர்ந்தார். பிசிறு வெட்டும் வேலையில் தொடங்கி, செக்கராக உயர்ந்தார். தைத்து வரும் சட்டையை உள்பக்கம் திருப்பி, ஒவ்வொரு தையலையும் இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்ப்பது அவர் வேலை. தையல் கொஞ்சம் பிரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். தையல்காரப் பெண்கள் அவருக்குப் பயப்படுவார்கள். அதே பெண்கள்தான் சம்பளத் தகராறு வந்தால் அவரை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பார்கள்.

அப்பா போன பிறகு என்னை ஐ.டி.ஐ. படிக்கவைத்தவர் அக்கா. எனக்கு ஒரு கம்பெனியில் வேலை நிரந்தரமான பிறகுதான் தன் திருமணத்துக்குச் சம்மதித்தார். மாமா ஒரு கம்பெனி வேன் ஓட்டுநர். ஏழு வருடம் குழந்தை இல்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து போனார்கள், மருத்துவமனைகளுக்கு அலைந்தார்கள். எல்லாரும் நம்பிக்கையை விட்டபோது ஜெனி பிறந்தாள். அவளுக்கு இரண்டு வயது ஆகும்போது மாமா வண்டி ஓட்டிக்கொண்டிருக்கையிலேயே மாரடைப்பில் இறந்தார். வேனை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டுத்தான் ஸ்டியரிங் மீது சாய்ந்தாராம். உள்ளே பதினோரு பெண்கள் இருந்தார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

அதன் பிறகு நான்கு வருடம் அக்கா ஜெனியைத் தனியாக வளர்த்தார். நான் முகப்பேரில் இரண்டு பேருடன் ஓர் அறையில் தங்கியிருந்தேன். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் போவேன். ஜெனிக்கு ஒரு சாக்லெட் கொடுப்பேன். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவேன். அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

அக்காவுக்கு வயிற்று வலி வந்தது. கேஸ் என்று நினைத்து மாத்திரை போட்டார். சோறு இறங்காமல் போனது, கண் மஞ்சளாயிற்று. அம்மாவுக்கு வந்ததுதான் நமக்கும் வந்திருக்கிறது என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் கட்டி என்றார்கள், ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். டாக்டர் என்னை மட்டும் வெளியே அழைத்துப் பேசப் பார்த்தார். அக்கா பின்னாலேயே எழுந்து வந்து, “எங்கிட்டயே சொல்லுங்க சார். எனக்குச் சின்னப் புள்ள கீது. எவ்ளோ நாளுன்னு தெரிஞ்சாதான் நான் வேலை பாக்க முடியும்” என்று கேட்டார். “மாசக்கணக்கா சொல்ல முடியாதும்மா. வாரக்கணக்குதான்” என்றார் டாக்டர்.

அக்கா அங்கே அழவில்லை. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே வந்தார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவர் ஜெனியின் யூனிஃபார்மை மடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டார்.

“டேய் செல்வா, ஜெனிய நீ வச்சிக்கிறியா?”

“நானா? ரூம்ல மூணு பேர் கீறோம்க்கா. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட்டு. பொம்பளப் புள்ளைய நான் எப்டி வளக்கறது?”

“ரூம மாத்திக்கலாம்டா. இந்த ஊட்டுக்கே வந்துடலாம்.”

“என்னால முடியாதுக்கா.”

“சரி” என்றார். அவ்வளவுதான். அடுத்த சட்டையை எடுத்து மடித்தார்.

அரக்கோணத்தில் மாமாவின் தங்கை இருக்கிறார். ஜெனிக்கு அத்தை. நல்ல மனசுக்காரர். ஆனால் இரண்டு அறை வீட்டில் மாமியாரோடு சேர்த்து ஏழு பேர். “என் ஊட்ல எடம் இல்ல அண்ணி. கன்னியாஸ்திரிங்க நடத்துற ஹாஸ்டல் பக்கத்துலயே கீது. அங்க சேத்துட்டு நான் போய்ப் போய்ப் பாத்துக்கறேன்” என்று அழுதுகொண்டே சொன்னார். அவரிடம் தவறு எதுவும் இல்லை. இருந்த ஒரே வழியை அவர் சொன்னார். தவறு என்னிடம்தான் இருந்தது. அக்காவிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்த மறுநாள் நான் ஏரிக்குப் போனேன். அன்று நிறைய ஜிலேபிக் கெண்டை மாட்டியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு வாரம் கழித்து வேலை நேரத்தில் அக்கா போன் செய்தார்.

“சின்னப் புள்ளைக்குத் தூண்டில் வாங்கணும்னா எது வாங்கணும்டா?”

மெஷின் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அவர் மறுபடியும் கேட்டார். “அதெல்லாம் இப்ப எதுக்குக்கா?” என்று போனை வைத்துவிட்டேன்.

அக்காவுக்கு மீன் பிடிப்பதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆவடி மார்க்கெட்டில் ஒரு பொம்மைக் கடைக்கு, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு போய், காந்தம் வைத்த பிளாஸ்டிக் தூண்டிலை வாங்கி வந்திருக்கிறார். ஜெனி அதைப் பார்த்துவிட்டு, “அம்மா, இது பொம்மை. செல்வா மாமா வச்சிருக்கறது மாதிரி இல்ல” என்று சொல்லிவிட்டாள். அடுத்ததாகப் போனில் தேடி, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் நீளக் கோல் ஒன்றை வரவழைத்தார். பிரித்தால் பத்தடி. ஆறு வயதுக் குழந்தை அதை இரண்டு கையாலும் தூக்க, நுனி போய் டியூப் லைட்டில் அடித்து, கண்ணாடி வீடெல்லாம் சிதறியது. அக்காவால் குனிந்து பெருக்க முடியவில்லை. ஜெனியைக் கட்டிலின் மேல் நிற்கவைத்துவிட்டு, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் சுவரைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். ஸ்டெல்லா ஆன்ட்டிதான் எனக்குப் போன் செய்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம்.

“இன்னாக்கா பண்ணிக்கினு கீற? ஒடம்பு இருக்கற இருப்புக்கு இதெல்லாம் தேவையா?”

“எது வாங்கணும்னு நீதான் சொல்ல மாட்டேன்றியே.”

“ஆறு வயசுப் புள்ளைக்கு எதுக்குக்கா தூண்டிலு? ஏரிக்குத் தனியாவா போவப் போறா?”

“தனியாப் போவ மாட்டா. அதனாலதான்டா வாங்கறேன்.”

நான் கையில் துடைப்பத்தோடு நின்றேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெனியின் காலில் கண்ணாடி குத்தியிருக்கிறதா என்று ஒவ்வொரு விரலாகப் பார்த்தபடியே பேசினார்.

“நான் உன்ன வளக்கச் சொல்லலடா. அத வுட்டுட்டேன். ஹாஸ்டல்ல சேத்துடட்டும். மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம போய் கூட்டிக்கினு வா. உன்கூட ஒக்கார வை. சாயங்காலம் கொண்டுபோய் வுட்ரு. அதுக்குன்னு அவ கையிலயும் ஒண்ணு இருந்தா உனக்குத் தொல்லையா இருக்காது. அது கூட முடியாதாடா உன்னால?”

ஒரு வாழ்க்கையைக் கேட்டு நான் மறுத்ததும், அக்கா அதை மாதத்தில் ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டு வந்து நின்றார். என்னைச் சோறு ஊட்டி வளர்த்தவர், என்னிடம் பேரம் பேசும் நிலைக்கு வந்திருந்தார். ஜெனி கட்டில் மேலிருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நானே கடைக்குக் கூட்டிக்கினு போறேன்” என்று மட்டும் சொன்னேன்.

நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பாய் கடை வைத்திருக்கிறார். ஏரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் தூண்டில் முள்ளும் நைலான் நரம்பும் வாங்குவது அங்கேதான். “அக்கா, நீ வூட்ல இரு, நான் போய் வாங்கியாறேன்” என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. “நான் பாத்துத்தான் வாங்கணும்” என்றார். ஆட்டோவில் முதுகுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என இரண்டு தலையணை வைத்தோம். பூந்தமல்லி வரும்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் உதட்டைக் கடித்தார். ஜெனி, “ஆட்டோ மாமா, மெதுவா, எங்கம்மாவுக்கு வயிறு வலிக்குது” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த ஆட்டோக்காரர் அன்று வண்டியை உருட்டிக்கொண்டு போவதுபோல் ஓட்டினார்.

கடையில் பாய் அக்காவைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைப் போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

“கொழந்தைக்கின்னா நாலரை அடிக்கு மேல போவாதீங்க தம்பி. கிளாஸ் ஃபைபர் எடுங்க. கார்பன் லேசா இருக்கும், ஆனா கதவுல மாட்டிக்கினா பட்டுனு போயிடும்” என்றார்.

“எது ஒடையாது பாய்?” என்று அக்கா கேட்டார்.

“ஒடையாததுன்னு எதுவும் இல்லம்மா. இது லேட்டா ஒடையும்.”

“எத்தன வருஷம் வரும்?”

“பாத்து வச்சிக்கினா, பாப்பாவுக்குப் பத்து வயசு ஆவற வரைக்கும் இது போதும். அப்புறம் பெருசு வாங்கணும்.”

“பத்து வயசு” என்று அக்கா ஒரு முறை சொல்லிக்கொண்டார். ஜெனியைத் தன் பக்கம் இழுத்து, பத்து வயதில் அவள் எவ்வளவு உயரம் இருப்பாள் என்று பார்ப்பதுபோல் கையைத் தன் நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பார்த்தார். பிறகு கையை இறக்கிவிட்டார்.

மூன்று கோல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சட்டையைச் சோதிப்பதுபோலவே சோதிக்கத் தொடங்கினார். நரம்பு போகும் வளையங்களை ஒவ்வொன்றாக நகத்தால் தட்டினார், இழுத்தார். நரம்பு சுற்றும் ரீல் மாட்டும் இடத்தைத் திருகினார். பிடியை முறுக்கினார். ஒரு கோலைப் பாயிடம் திருப்பி நீட்டி, “இந்த வளையத்து உள்பக்கம் விரிசல் உட்டுருக்கு பாருங்க. நரம்பு தேஞ்சு அறுந்துடும்” என்றார். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரிசல் இருந்தது. பதினைந்து வருடமாக மீன் பிடிக்கும் எனக்கு அது தெரியவில்லை.

கோல் முடிவானது. ரீலில்தான் சிக்கல். பொத்தானை அமுக்கினால் நரம்பு போகும் மூடிய ரீல் ஒன்று இருந்தது. குழந்தைகளுக்கு அதுதான் சுலபம் என்று நானும் பாயும் நினைத்தோம். ஜெனி இரண்டு கட்டை விரலையும் வைத்து அமுக்கிப் பார்த்தாள், அது அசையவே இல்லை. “வேற காட்டுங்க” என்றார் அக்கா. திறந்த ரீல்களில் இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்துக் கோலில் மாட்டினேன். நரம்பை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் கம்பியைத் திறந்து, கோலை வீசும்போது விரலை விட வேண்டும். “அவ வெரலு நரம்புக்கு எட்டுதா பாருடா” என்றார் அக்கா. எட்டியது.

நான் கோலை ஜெனியின் வலது கையில் கொடுத்தேன். அவள் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். “அந்தக் கை இல்லம்மா, இந்தக் கையில புடி” என்று மறுபடி மாற்றினேன். அவள் தயங்கி, மறுபடியும் இடது கைக்குக் கொண்டுபோனாள். “ஜெனி, சொல்றத கேளு” என்று குரலை உயர்த்தினேன். அவள் பயந்துபோய்க் கோலைக் கீழே போட்டுவிட்டாள்.

“அவ இடது கைடா” என்றார் அக்கா.

ஆறு வருடம். எத்தனையோ முறை அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், எழுதியிருக்கிறாள், படம் வரைந்து கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கண்ணில் தெரிந்தது பயம். இவனை நம்பியா இவளை விட்டுவிட்டுப் போகப் போகிறேன் என்ற பயம். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பாய்தான், “அதுக்கு இன்னாம்மா, கைப்புடிய அந்தப் பக்கம் மாத்திட்டா போச்சு” என்றார். அந்த ரீலில் மாற்ற வரவில்லை, கைப்பிடி நிரந்தரமாக அடித்து இறுக்கியது. அதே அளவில் இன்னொன்றை எடுத்து, வலது பக்க மூடியைத் திருகிக் கழற்றி, கைப்பிடியை உருவி அங்கே மாட்டிக் கொடுத்தார். ஜெனி இடது கையில் கோலைப் பிடித்து, வலது கையால் சுற்றினாள். டிக் டிக் என்று சத்தம் வந்தது. கடைக்கு வந்த பிறகு முதல் முறையாகச் சிரித்தாள்.

அந்த நேரத்தில் அக்காவுக்கு வலி வந்துவிட்டது. நாற்காலியிலிருந்து சரிந்தார். பாய் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தரையில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டார். அக்கா வாந்தி எடுத்தார், அதில் ரத்தம் இருந்தது. “தூண்டில கட்டி வாங்கிக்கோடா, மொதல்ல அத கட்டி வாங்கிக்கோ” என்று படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இது எல்லாம் என்னால்தானே, அன்றைக்கே ‘சரிக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தச் சிமெண்ட் தரையில் இவர் படுத்திருக்க வேண்டியதில்லையே என்று நினைத்தேன். அப்போதும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் காப்பாற்ற முடியாமல் போனால் என்ன செய்வது என்ற பயம் என் வாயைக் கட்டிப்போட்டது.

அதன் பிறகு நான் தினமும் பட்டாபிராம் போனேன். முள் இல்லாமல், நரம்பின் நுனியில் பென்சில் ரப்பர் ஒன்றைக் கட்டி, வீட்டு வாசலில் ஜெனிக்கு வீசக் கற்றுக்கொடுத்தேன். ரப்பர் எதிர்வீட்டுக் கொடியில் மாட்டும், கோழி மேல் விழும், பாதி நாள் அவள் காலுக்கு அடியிலேயே விழும். நரம்பு சிக்கிவிட்டால் அக்காவிடம் எடுத்துக்கொண்டு ஓடுவாள். அக்கா கட்டிலில் ஒருக்களித்தபடி, ஊசி முனையால் ஒவ்வொரு முடிச்சாக எடுத்துக் கொடுப்பார். ஒரு முடிச்சுக்கு அரை மணி நேரம் ஆகும். நான் வெட்டிவிடலாம் என்றால் விடமாட்டார்.

“முள்ளு கையில குத்திக்கினா எடுக்க வருமா?” என்று ஒரு நாள் கேட்டார். முள்ளின் நுனியில் பின்னோக்கி ஒரு சின்னக் கொக்கி இருப்பதால் சதையில் ஏறினால் சுலபத்தில் வராது என்றேன். “அப்போ அந்தக் கொக்கிய நசுக்கிடு” என்றார். பெட்டியில் இருந்த முள் எல்லாவற்றையும் அவர் கண் முன்னால் குறடால் நசுக்கினேன். ஒவ்வொன்றையும் வாங்கித் தன் விரலில் குத்தி இழுத்துப் பார்த்து, டப்பாவில் போட்டார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஏரிக்குப் போவது என்று பேசியிருந்தோம். ஆட்டோக்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை அக்கா கண் திறக்காமல் கிடந்தார். மருத்துவமனையில் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்சம் தெளிந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது, “ஏரிக்குப் போவலயா?”

“இந்த நெலமைல எப்டிக்கா போறது?”

“போங்கடா ரெண்டு பேரும்.”

“நான் போவல.”

அவருக்குக் குரல் இல்லை. இருந்த காற்றையெல்லாம் சேர்த்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “நீ என்னப் பாத்துக்கினு ஒக்காந்தா நான் எழுந்துடுவேனா? அவள கூட்டிக்கினு போ. போடா. நான் இருக்கும்போதே ஒரு தபா போயிட்டு வாங்கடா.” பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டெல்லா ஆன்ட்டி, “நான் இருக்கேன், நீ போயிட்டு வாப்பா” என்றார்.

ஜெனியை வண்டியில் உட்காரவைத்து ஆவடிப் பக்கத்து ஏரிக்குப் போனேன். ஒரு மீன். ஒரே ஒரு மீன் மாட்டினால் அதை ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அக்காவுக்குக் காட்டிவிடலாம். அதைத் தவிர வேறு எதுவும் என் மனதில் இல்லை. மைதா உருண்டை வைத்தேன், மண்புழு வைத்தேன். தண்ணீரில் மிதந்த தக்கை அசையவே இல்லை. பதினைந்து வருடமாக நான் கடவுளிடம் மீன் கேட்டதில்லை. அன்று கேட்டேன். ஜெனி கோலை இடது கையில் பிடித்தபடி தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

“மாமா.”

“ம்.”

“அம்மா செத்துப்போயிடுவாங்களா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தக்கையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

“ஆமாம்மா” என்றேன்.

அவள் அழவில்லை. கொஞ்சம் நரம்பைச் சுற்றினாள்.

“அப்போ நான் எங்க இருப்பேன்? ஸ்டெல்லா ஆன்ட்டி ஊட்லயா?”

“என்கூட.”

“எப்பவுமா, இல்ல லீவுலயா?”

“எப்பவும்.”

நான் யோசித்துச் சொல்லவில்லை. அறையைப் பற்றியோ ஷிஃப்ட்டைப் பற்றியோ ஒன்றும் நினைக்கவில்லை. உடனே அக்காவிடம் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். அப்போதுதான் போன் அடித்தது. ஸ்டெல்லா ஆன்ட்டி. “சீக்கிரம் வாப்பா” என்று மட்டும் சொன்னார்.

கரையில் இருந்த பொருள்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சிறிது தூரத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர், “நீ போ அண்ணாத்தே, நான் எடுத்து வைக்கிறேன்” என்று கத்தினார்.

நாங்கள் போனபோது அக்காவுக்கு நினைவு இல்லை. மூச்சு மட்டும் இருந்தது. நான் அவர் காதருகே குனிந்து, “அக்கா, ஜெனிய நானே வச்சிக்கிறேன். நம்ம ஊட்லயே வச்சிக்கிறேன். கேக்குதாக்கா?” என்றேன். ஜெனியும் மறு பக்கம் குனிந்து, “அம்மா, மாமா எப்பவும்னு சொல்லிட்டாரு” என்றாள். திரும்பத் திரும்பச் சொன்னேன். கத்தினேன். நர்ஸ் வந்து என் தோளைப் பிடித்தார். அக்காவின் கண் திறக்கவில்லை, கை அசையவில்லை. நான்கு மணிக்கு மூச்சு நின்றது.

கேட்டதா, கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. ஏழு வாரம் என்னிடம் கேட்டு அலைந்தவருக்கு, ஒரு மணி நேரம் பிந்திப் பதில் சொன்னவன் நான். இந்த ஒரு வருடத்தில் அது ஒரு நாளும் என்னை விட்டுப் போகவில்லை. போகவும் வேண்டாம்.

இப்போது நானும் ஜெனியும் பட்டாபிராம் வீட்டில்தான் இருக்கிறோம். கம்பெனியில் பகல் நேரப் பொது ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவளுக்குத் தலை பின்ன இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை. சில நாள் பள்ளிக்கூட வாசலில் டீச்சர்தான் அவிழ்த்துப் பின்னி அனுப்புகிறார். ராத்திரியில் அம்மா வேண்டும் என்று அழுகிறாள். என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வீடு தேடி வரும் உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். அவள் எதிரில் “ஐயோ பாவம்” என்று சொல்லாதீர்கள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். அது போதும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவுக்குக் கடைசிவரை கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, உடம்பு துடைத்துவிட்ட ஸ்டெல்லா ஆன்ட்டிக்கு, அடக்கம் முடிந்தும் பதினைந்து நாள் எங்களோடு தங்கி எனக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்த ஜெனியின் அத்தைக்கு, கடையின் தரையைத் தானே கழுவிவிட்டு மறுநாள் அக்காவைப் பார்க்க வீட்டுக்கு வந்த பாய்க்கு, வாடகை வாங்க மறுத்த ஆட்டோக்காரருக்கு, அக்காவின் கம்பெனியிலிருந்து தையல் லைன் முழுக்கத் திரண்டு வந்து, பெட்டியைத் தாங்களே தூக்குவோம் என்று நின்ற பெண்களுக்கு. எங்கள் பொருள்களைப் பத்திரமாக வைத்திருந்து, மூன்றாம் வாரம் நான் போனபோது ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்த அந்த ஏரிக்கரை மனிதருக்கு. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

கடைசியாக அந்த நர்சம்மாவுக்கு. இறப்புச் சான்றிதழுக்காக மருத்துவமனைக்குப் போனபோது அவரே என்னை அடையாளம் கண்டு நிறுத்தினார். அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிவாக்கில் அவர் டிரிப்ஸ் மாற்றப் போனபோது அக்கா கண் விழித்து, “போனவங்க வந்துட்டாங்களா?” என்று கேட்டிருக்கிறார். இன்னும் வரவில்லை என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார்.

“இன்னும் வரலையா? அப்போ ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கீறாங்க” என்று சொல்லிவிட்டு, அக்கா கண்ணை மூடிக்கொண்டாராம். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

கண்ணீருடன்,
தம்பி செல்வம்
பட்டாபிராம்